முதல் பெயருக்கு இடுப்பெலும்பு

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவது எப்படி என்று எங்கள் மேய்ச்சல் நில ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். நான் சொல்லும் பதில் ஒன்றுதான். முதலில் ஓர் ஆட்டை அறுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

சிரிக்க வேண்டாம். என் பெயர் உரும்கான். பிஷ்கெக்கில் இந்த ஆய்வகத்தின் இரண்டாம் மாடியில், ஒழுகுகிற வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் என் மேசை. வடிவம் சரிபார்ப்பவள் என்று கதவில் எழுதியிருக்கும். இங்கே யார் எதைக் கண்டுபிடித்தாலும் என் மேசையைத் தாண்டித்தான் அது உலகத்துக்குப் போக வேண்டும். இடது ஓரம் மூன்று சென்டிமீட்டர், வலது ஓரம் ஒன்று, மேலேயும் கீழேயும் இரண்டிரண்டு. எழுத்து பதினான்காம் அளவு. வரிகளுக்கு நடுவே ஒன்றரை இடைவெளி. அட்டவணையின் பெயர் அட்டவணைக்கு மேலே, படத்தின் பெயர் படத்துக்குக் கீழே, தலைப்பின் முடிவில் புள்ளி வைத்தால் கையை உடைப்பேன். உள்ளே இருப்பது உண்மையா பொய்யா என்று நான் பார்ப்பதில்லை. அதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது. ஓரம் சரியாக இருந்தால் பூமி தட்டை என்று எழுதிக்கொண்டு வந்தாலும் முத்திரை குத்தி அனுப்பிவிடுவேன்.

எனக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஆய்வக விருந்துகளில் கறி எலும்பைப் பங்கு வைப்பதும் நான்தான். பெரியவருக்கு இடுப்பெலும்பு, அடுத்தவருக்குத் தொடை, அதற்கும் அடுத்தவருக்கு முன்னங்கால் என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் இளையவளுக்கு மார்பெலும்பில் ஒரு துண்டு. ஓரத்தில் பிழை செய்தால் இன்னொரு தாளில் அச்சடித்துக்கொள்ளலாம். எலும்பில் பிழை செய்தால் தீர்ந்தது. தொடை கிடைக்க வேண்டிய இடத்தில் விலா கிடைத்துவிட்டதென்று சம்பந்தி வீட்டோடு சாகும்வரை பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கட்டுரையின் தலையில் போடுகிற பெயர்களுக்கும் எங்களிடம் இதே வரிசைதான். தனியாக ஒரு விதி எதற்கு? எலும்பு விழுகிற வரிசையிலேயே பெயரும் விழும். அதனால்தான் சொன்னேன், முதலில் ஆட்டை அறுங்கள் என்று.

இந்த வரிசையின் கடைசியில் பல வருஷமாக உட்கார்ந்திருந்தவள் ஜிபார். அத்பாஷி ஊர்க்காரி. நாற்பது வயதைத் தாண்டியவள், ஒல்லி, மலைக்காற்று பட்டுப் பட்டுக் கன்னம் இரண்டும் செங்கல் நிறம். நாக்கு மட்டும் மிளகாய். கோடை பிறந்தால் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு சோங்கோல் ஏரிக்கு மேலே இருக்கிற மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விடுவாள். அங்கே கம்பி வேலி போட்ட ஒரு துண்டு நிலம், ஆய்வகத்துக்குச் சொந்தமானது. அதற்குள் ஒரு மரச்சதுரத்தைப் போட்டு, சதுரத்துக்குள் எத்தனை புல், என்ன புல் என்று மண்டியிட்டு எண்ணுவாள். பிறகு சதுரத்தை நகர்த்துவாள். மறுபடி எண்ணுவாள். பதினோரு கோடையாக இதுதான் பிழைப்பு.

கட்டிய கணவன் மூன்றாவது கோடையிலேயே, "அந்தப் புல்லையே கட்டிக்கிட்டு அழு"ன்னு சொல்லிவிட்டுப் போனான். ஜிபார் அழவில்லை. புல்லை எண்ணினாள். அவள் மகள் முதன்முதலில் பேசிய சொல் அம்மா இல்லையாம், பெத்தெகே என்கிற புல்லின் பெயராம். இதை ஜிபாரே பெருமையாகச் சொல்வாள். என்ன ஜென்மமோ!

அப்படி என்னதான் கண்டுபிடித்தாள் என்று கேட்பீர்கள். வசந்தத்தில் மந்தையை அவசரப்பட்டு மேலே ஏற்றாமல், பெத்தெகே விதை விட்ட பிறகு ஏற்றினால், போன புல் திரும்பி வருகிறது. எந்த உயரத்தில், எத்தனை வருஷத்தில், எவ்வளவு வருகிறது என்பதுதான் அவளுடைய கணக்கு. இதை ஒரு மேய்ப்பரிடம் அவள் சொன்னபோது அவர் குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியா தங்கச்சி? இத எங்க செம்மறியே சொல்லிச்சே, நாங்கதான் நம்பல"ன்னாராம். மந்தையை மட்டும் அடுத்த வருஷமும் அவசரமாகத்தான் ஏற்றினார். எழுத்தில் வராத எதையும் இந்த நாட்டில் செம்மறிகூட நம்பாது.

அந்த வருஷம் ஜிபார் எழுத்தில் கொண்டுவந்தே ஆக வேண்டிய நிலை. மேலிடத்திலிருந்து ஒரு புது உத்தரவு வந்திருந்தது. ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் வருஷ முடிவுக்குள் வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு கட்டுரையாவது போட்டிருக்க வேண்டும்; கட்டுரையில் முதலாவதாக வருகிற பெயர் மட்டுமே கணக்கில் வரும்; இல்லாதவர்களின் இடம் ரத்து. இயக்குநருக்கும் துணை இயக்குநருக்கும் இது பொருந்தாது. உத்தரவு போடுகிறவர்கள் எப்போதும் கூரைக்கு அடியில் நின்றுகொண்டுதான் மழையை அழைப்பார்கள். ஜிபாரின் இடம் ரத்தானால் வேலி போட்ட நிலமும் போயிற்று. கம்பியைப் பிடுங்கி விற்றுவிடுவார்கள், முதல் வாரத்திலேயே மாடு உள்ளே புகுந்துவிடும். பதினோரு கோடை மாட்டு வயிற்றுக்குள் போய்விடும்.

ஆகவே குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து கட்டுரை எழுதினாள். எழுதியதை முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

"எஜே, ஓரம் பாத்துக் குடுங்க" என்றாள். எங்கள் ஊரில் அக்காவுக்கு எஜே.

நான் ஸ்கேலை வைத்தேன். எல்லாம் கோணல்!

"இது என்னடி இடது பக்கம் ரெண்டரைதான் இருக்கு? மேற்கோள் எண்ணெல்லாம் எதுக்கு வரிக்கு மேல பறக்குது? பட்டியல் அகரவரிசைல இல்ல. புத்தி கித்தி மலைல விட்டுட்டு வந்துட்டியா?"

"அந்தப் பத்திரிகை அப்படித்தான் கேக்குது எஜே. ஓரத்தப் பத்தி அவங்க ஒண்ணுமே சொல்லல."

"ஓரத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லாதவன் என்ன பத்திரிகை நடத்துறான்?"

எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. முப்பது வருஷமாக நான் காப்பாற்றி வந்த மூன்று சென்டிமீட்டரை உலகத்தில் யாரும் தேடவில்லையாம். இருந்தாலும் ஆய்வகப் பிரதிக்கு ஓரத்தைச் சரியாக வைக்கச் சொல்லிவிட்டு, வெளிநாட்டுப் பிரதியைப் போனால் போகட்டும் என்று விட்டேன். கட்டுரையை அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாக ஓரத்துக்கு உள்ளேயும் படித்தேன். செய்த முறை என்ற பகுதி இரண்டு பக்கம் இருந்தது. சதுரம் என்ன மரம், ஒரு பக்கம் எவ்வளவு நீளம், எந்த மாதம், பூக்காத சமயத்தில் இரண்டு புல்லை எப்படி அடையாளம் கண்டாள், ஆலங்கட்டி மழை பெய்த வருஷத்தை எப்படிக் கணக்கில் சேர்த்தாள், எல்லாம் இருந்தது. ஒரு முட்டாள்கூட அதைப் படித்துவிட்டுப் போய் அதேபோல எண்ணிவிடலாம். அதற்குத்தான் அந்தப் பகுதியாம்.

அடுத்து இயக்குநரின் அறைக்குப் போயிற்று கட்டுரை. எங்கள் இயக்குநர் ஒஸ்மொன்குல் அகாய்; பெரியவர்களை நாங்கள் அகாய் என்றுதான் கூப்பிடுவோம். அறுபத்தைந்து வயது, பெரிய உடம்பு, பெரிய மேசை, தலையில் எப்போதும் வெள்ளைக் கல்பாக் தொப்பி. சோங்கோல் மேய்ச்சல் நிலத்துக்கு ஒருமுறை போயிருக்கிறார், அமைச்சர் வந்த அன்று. பந்திக்கு முந்திக்கோ, படைக்குப் பிந்திக்கோ என்பார்களே, அதை யாரோ அவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அகாய் கட்டுரையைத் திருத்தினார். தலைப்பிலிருந்து ஆரம்பித்தார். 'பெத்தெகே புல் திரும்பி வர எத்தனை ஆண்டுகள் ஆகும்' என்று ஜிபார் வைத்திருந்தாள்.

"இது என்ன மகளே, சின்னப் பிள்ள கேக்குற கேள்வி மாதிரி இருக்கு? கட்டுரைன்னா ஒரு கனம் வேணாமா?"

'மலை மேய்ச்சல் நிலங்களின் புல்வளம் மீள்வது தொடர்பான சில பிரச்சினைகள் பற்றிய கேள்வியை முன்வைத்து' என்று மாற்றினார். ஒரு மூச்சில் படிக்க முடியாத தலைப்பு வைத்தால்தான் அவருக்குக் கனம். முன்னுரையில் தம்முடைய பழைய கட்டுரைகளை ஒன்றுவிடாமல் மேற்கோள் காட்டச் சொன்னார். அவற்றில் ஒன்று கோழித்தீவனம் பற்றியது. இடம் போதவில்லை. எங்கே வெட்டலாம் என்று பார்த்தார், செய்த முறையை வெட்டினார்.

"சதுரம் எவ்வளவு பெருசுன்னு யாரு கேக்கப் போறா? உலகத்துக்கு முடிவு போதும்" என்றார்.

இரண்டு பக்கம் மூன்று வரியாயிற்று. 'கோடையில், ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைகளின்படி, கவனமாக' என்று மிச்சம்.

மீதியிருந்தது பெயர் வரிசை. அது அகாயின் பிறந்தநாள் விருந்தில் முடிவாயிற்று. கொழுத்த ஆடு. பெரிய வாளியில் கறி வெந்து வந்தது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பங்கு வைத்தேன். அகாய்க்கு இடுப்பெலும்பு. துணை இயக்குநருக்குத் தொடை; மேய்ச்சல் நிலத்துக்குப் போகிற வண்டிக்குப் பெட்ரோல் கையெழுத்துப் போடுகிறவர் அவர். அகாயின் மருமகனுக்கு முன்னங்கால். சுங்கத்துறையில் வேலை, பட்டம் வாங்கினால் பதவி உயருமாம். கணக்கர் அம்மாளுக்கு விலா. வேலிக்கம்பி வாங்கப் பணம் கேட்ட ஒவ்வொரு முறையும் ஜிபாரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய புண்ணியவதி. ஜிபாருக்கு மார்பெலும்பில் ஒரு துண்டு.

அகாய் இடுப்பெலும்பைக் கத்தியால் வழித்துக்கொண்டே சொன்னார்: "கட்டுரைலயும் இதே வரிசைல போட்டுரு மகளே."

ஜிபார் மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள். "அகாய், முதல் பேருக்குத்தான் வேலை நிலைக்கும். உங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. ஒரு தடவ மட்டும் என் பேர முன்னால போடலாமே."

கணக்கர் அம்மாள் விலாவை அந்தரத்தில் பிடித்தபடி பார்த்தாள்.

"பெரியவன் இருக்கும்போது சின்னது முன்னால உக்காருமா? ஊர் சிரிக்காதா?" என்றார் அகாய், கோபப்படாமல், ஒரு தகப்பனைப் போல. "அடுத்த கட்டுரைல உன் பேர முதல்ல போட்டுக்கலாம். எங்க போயிறப் போவுது?"

"அடுத்த கட்டுரைக்கு இன்னும் பதினோரு வருஷம் எண்ணணும் அகாய்."

"எண்ணு. இளசுதானே நீ. வாழ்க்கை கிடக்குது."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சூப்பை ஊற்றிக்கொண்டே போனேன். ஜிபார் தன் துண்டைச் சுத்தமாகத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் ஐந்து பெயரையும் எலும்பு விழுந்த வரிசையிலேயே தட்டச்சு செய்து அனுப்பிவிட்டாள். பதில் போட வேண்டிய முகவரியாகத் தன்னுடையதைக் கொடுத்தாள். மற்ற நால்வரில் மின்னஞ்சலைத் திறக்கத் தெரிந்தவர் மருமகன் ஒருவர்தான். அவருக்கும் கட்டுரை எதைப் பற்றி என்று தெரியாது.

இலையுதிர் காலம் தொடங்கியபோது பதில் வந்தது. ஜிபார் ஓடி வந்து என் முன்னால் படித்துக் காட்டினாள். கண்டுபிடிப்பு அருமையாம். இப்படி நீண்ட காலம் எண்ணியவர்கள் அபூர்வமாம். ஆனால் செய்த முறை எங்கே என்று கேட்டிருந்தார்கள். சதுரத்தின் அளவு என்ன, எந்த மாதம், இரண்டு புல்லையும் எப்படிப் பிரித்தறிந்தார்கள்? அகாய் வெட்டி எறிந்தது ஒன்றுவிடாமல் கேள்வியாகத் திரும்பி வந்திருந்தது. அடியில் ஒரு வேண்டுகோள். அந்தப் பத்திரிகை மாதம் ஒருமுறை இளம் ஆய்வாளர்களைக் காணொளியில் அழைத்துப் பேச வைக்குமாம். முதல் பெயருக்கு உரியவர் அதில் வந்து இந்தக் கேள்விகளுக்குத் தாமே பதில் சொல்ல வேண்டும், குழுவின் தலைவர் உடன் இருந்தால் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்கள்.

அகாய்க்கு 'வெளிநாட்டில் பேச அழைப்பு' என்ற பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. புதுக் கோட்டு தைத்தார். கேள்விகளுக்குப் பதிலை ஜிபார் ஒரு தாளில் எழுதி நீட்டினாள்.

"நாப்பது வருஷ அனுபவத்துக்குத் துண்டுச் சீட்டா?" என்று அதைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

காணொளி அன்று அவர் அறையே கல்யாண வீடாக இருந்தது. மேசையில் போர்சோக் என்கிற பொரித்த மாவுத்துண்டு, ஜாம், உலர்ந்த பாதாமி. துணை இயக்குநரும் கணக்கர் அம்மாளும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தேநீர் ஊற்றும் வேலை. அகாய்க்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே மொழிபெயர்க்க ஜிபார் பக்கத்தில். திரையில் நரைத்த முடியோடு ஒரு அம்மாள் வந்தார். வணக்கம் சொன்னார், ஜிபாரைப் பார்த்து. அவர் நிறையப் பேசினார், கையைக் கூப்பினார், மறுபடி பேசினார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அகாய்.

"பேராசிரியர் ஜிபார் அவர்களைச் சந்திச்சதுல ரொம்பச் சந்தோஷமாம்."

"யாரு பேராசிரியர்?"

"நான்தானாம் அகாய். அப்புறம், இந்த வயசுலயும் படிக்க வந்திருக்கிற உங்க மன உறுதியப் பாராட்டுறாங்க. மத்த மாணவர்களுக்கு நீங்க ஒரு முன்மாதிரியாம்."

அகாய் வாயில் இருந்த போர்சோக்கை மெல்லாமல் விழுங்கினார். நான் கோப்பை நிறைந்ததைப் பார்க்காமல் தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஜிபார் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. வந்த சொல்லை அப்படியே இந்தப் பக்கம் கொடுத்தாள், இந்தப் பக்கச் சொல்லை அப்படியே அந்தப் பக்கம் கொடுத்தாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் அப்படி ஒரு நேர்மையான மொழிபெயர்ப்பைக் கண்டதே இல்லை.

"எண்ணுறதுக்குப் போட்ட சதுரம் எவ்வளவு பெருசுன்னு கேக்குறாங்க."

அகாய் கோப்பைக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தார். தேநீர் சிந்தி மை பரவியிருந்தது. "போதுமான அளவுன்னு சொல்லு."

சொன்னாள்.

"எந்த மாசம் எண்ணுனீங்க?"

"கோடைலன்னு சொல்லு. கோடைல!"

"பூக்காதப்போ பெத்தெகேயையும் அதே மாதிரி இருக்கிற இன்னொரு புல்லையும் எத வச்சுப் பிரிச்சீங்க?"

அகாய் கல்பாக்கைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "அனுபவத்த வச்சு."

"பதினோரு கோடையும் கூடாரத்துல தனியா இருந்தீங்களே, எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுன்னு கேக்குறாங்க."

அகாய் திரும்பித் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் சுவரோரத்திலிருந்து, "பெட்ரோல்" என்று எடுத்துக் கொடுத்தார். பெட்ரோல் என்றார் அகாய். ஜிபார் அதையும் சொன்னாள். அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. அந்தக் கேள்வி யாருக்கு வந்திருக்க வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

திரையில் இருந்த அம்மாள் அன்பாகச் சிரித்து முடிவுரை சொன்னார். ஜிபார் மொழிபெயர்த்தாள்: "உங்ககிட்ட ஆர்வம் நிறைய இருக்காம். ஆனா களத்துல இன்னும் நாள் செலவழிக்கணுமாம். அடுத்த கோடைக்கு உங்கள மலைல கூடாரம் போட்டுத் தங்க வைக்கணும்னு பேராசிரியர, அதாவது என்னைய, கேட்டுக்கிறாங்க."

திரை அணைந்தது. கணக்கர் அம்மாள் உலர்ந்த பாதாமியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஏதோ கணக்கு எழுதியிருப்பதுபோல.

"இது என்ன கூத்து?" என்று அகாய் மேசையைத் தட்டினார். "நான் மாணவனா? நீ பேராசிரியரா? எவன் சொன்னான்?"

"பேர் வரிசைதான் சொல்லுச்சு அகாய். இந்தத் துறைல அவங்க ஊர் வழக்கம் அது. மண்டி போட்டு வேலை செஞ்ச இளையவங்க பேரு முதல்ல வரும். ஆய்வு நடத்துற தலைவர் பேரு கடைசில வரும். கடைசி இடம்தான் அங்க பெரிய இடம்."

"முன்னாலயே சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?"

"நீங்க கேக்கலையே. எனக்கு மார்பெலும்புன்னு குடுத்தீங்க, தின்னேன்."

அகாயின் கழுத்து காதுவரை சிவந்தது. "மாத்து! இப்பவே மாத்து! அப்படியே தலைகீழாப் போடு. என் பேரு கடைசில வரணும்."

துணை இயக்குநர் காதருகில் குனிந்தார். "அகாய், தலைகீழாப் போட்டா அவ பேருல்ல முதல்ல வருது. அவ வேலை நிலைச்சிடுமே. அந்த நிலத்த உங்க மச்சான் மகனுக்குன்னு பேசி வச்சிருந்தோமே..."

"எவன் வேலை நிலைச்சா எனக்கென்ன? உலகம் பூரா என்னைய மாணவன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு, நீ வேலைங்கிற!"

தவளை தன் வாயால் கெடும் என்பதை நான் நேரில் பார்த்தது அன்றுதான். பெயர் வரிசையை மாற்ற வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும், ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பத்திரிகை கேட்டது. காரணத்தை அகாய் தாமே நின்றுகொண்டு சொல்லச் சொல்ல, ஜிபார் எழுதினாள். 'எங்கள் வழக்கப்படி வயதையும் பதவியையும் பார்த்துப் பெயர் போட்டுவிட்டோம். களத்தில் பதினோரு கோடையும் எண்ணியவர் கடைசியில் இருக்கிற ஜிபார்தான். முதலில் இருக்கிற நான் அங்கே எதுவும் எண்ணவில்லை.' அந்த ஆய்வகத்தில் என் கைக்கு வந்த தாள்களிலேயே முழுக்க உண்மையாக இருந்தது அது ஒன்றுதான். அதற்கு ஓரம்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினேன்.

கையெழுத்து வாங்குவதில் சிரமமில்லை. இரண்டாம் இடத்துக்கு உயர்ந்த கணக்கர் அம்மாள், மேய்ச்சல் ஆராய்ச்சியில் தனக்கு எப்போதுமே ஒரு ஈடுபாடு உண்டு என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மருமகனுக்கு எப்படித் திருப்பினாலும் மூன்றாம் இடம். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. வெட்டிப்போட்ட செய்த முறை இரண்டு பக்கமும் திரும்ப உள்ளே போயிற்று, கோழித்தீவனம் வெளியே வந்தது. தலைப்பும் பழைய தலைப்பே ஆயிற்று. பத்திரிகைக்காரர்கள் அகாய் வைத்ததைப் படித்துவிட்டு, என்ன சொல்ல வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

கையெழுத்தெல்லாம் முடிந்த அன்று மாலை மார்ஷ்ருத்கா வேன் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"அடியே, உண்மையச் சொல்லு. கடைசி இடம்தான் அங்க பெருசுன்னு தெரிஞ்சுதானே பேசாம அனுப்புன?"

"தெரியும் எஜே." காலால் பனியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். "ஆனா இப்படி ஆகும்னு நினைக்கல, சத்தியமா. வேலை போகத்தான் போகுதுன்னு முடிவு பண்ணிட்டேன். போறதுக்கு முன்னால, எங்கேயோ ஒரு ஊருல யாரோ ஒருத்தராவது கடைசிப் பேரப் பாத்து, இவ பெரிய ஆளுன்னு நினைக்கட்டும்னு விட்டேன். அவ்வளவுதான்."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். குளிர்.

கட்டுரை வருஷம் முடியச் சில நாள் இருக்கும்போது வெளியாயிற்று. அச்சடித்த பிரதியை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். படிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பவும் இல்லை. தலைப்புக்குக் கீழே முதலாவதாக இருந்த தன் பெயரின் மேல் விரலை வைத்தாள், எடுக்கவே இல்லை. அப்புறம் சத்தமாக அழுதாள். கணவன் போனபோது அழாதவள், எங்கள் வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதாள். அழட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். இடது ஓரம் ஒன்றரைதான்! இதையும் ஒரு பத்திரிகை என்கிறார்கள்.

அதிகாரிகள் வந்தார்கள், முதல் பெயரைப் பார்த்தார்கள், ஜிபாரின் இடத்தில் கை வைக்காமல் போனார்கள். வேலிக்கம்பியும் அங்கேயே நின்றது. அகாய் தோற்றதாகத் தெரியவில்லை. ஆய்வகம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டு ஒரு சுற்றறிக்கை விட்டார். இனி உலக வழக்கப்படி கடைசி இடமே தலைமை இடம், அது இயக்குநருக்கு மட்டுமே உரியது, யாரும் அதில் அமரக் கூடாது. துணை இயக்குநர் கடைசிக்கு முந்தின இடத்துக்காக மூன்று பேரோடு சண்டை போட்டார்.

பிறகு புத்தாண்டு விருந்து வந்தது. அதே கொழுத்த ஆடு, அதே நீள மேசை. அகாய் நடுநாயகமாக உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டு கத்தியைத் தீட்டினார். நான் தட்டை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தேன். மேசைக் கடைசியில், கதவோரத்தில் உட்கார்ந்திருந்த ஜிபாரின் முன்னால் இடுப்பெலும்பை வைத்தேன். தொடையைக் கணக்கர் அம்மாளுக்கு வைத்தேன். முன்னங்கால் மருமகனுக்கே. துணை இயக்குநருக்கு விலா. எல்லாம் முடிந்த பிறகு, வாளியின் அடியில் கிடந்த மார்பெலும்புத் துண்டை எடுத்து அகாயின் தட்டில் வைத்தேன்.

எங்கள் ஊரில் இதற்குக் கொலையே விழும்.

"உரும்கான்," என்றார் அகாய் மெதுவாக, "இது என்ன?"

"கடைசி இடத்து எலும்பு அகாய்," என்றேன். "பெரியவங்க இடம். நீங்கதானே எழுத்துல குடுத்திருக்கீங்க? நான் வடிவம் பாக்குறவ. எழுத்துல என்ன இருக்கோ அதத்தான் பாப்பேன்."

அவர் வாயைத் திறந்தார், சுற்றறிக்கை ஒட்டியிருந்த சுவரைப் பார்த்தார், மூடிக்கொண்டார். எல்லாத் தலையும் மேசைக் கடைசிக்குத் திரும்பியது. ஜிபார் இப்போது எழுந்து, எலும்பை இரண்டு கையாலும் ஏந்தி, பெரியவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தார்கள். வளர்ந்த விதம் அப்படி. அவளுக்கும் அது தெரியும்.

ஜிபார் பக்கத்திலிருந்தவரிடம் கத்தியைக் கேட்டு வாங்கினாள். இடுப்பெலும்பைச் சுற்றிலும் வழித்து, ஒட்டிக்கொண்டிருந்த கடைசி நார்வரை தின்றாள்.